ஏரியில் யாருமில்லை

ரைலி: இன்னும் மூணு நாள்.

என்சியோ: எண்ணாதேன்னு எத்தனை தடவை சொல்றது? நாளை எண்ணினா அது தவம் இல்ல. ஜெயில்.

ரைலி: நான் நாளை எண்ணல. ரொட்டியைத்தான் எண்ணினேன். மூணு நாளைக்குத்தான் வரும்.

என்சியோ: உஷ்... துடுப்பை நிறுத்திட்டேன். இப்போ கேளு.

ரைலி: என்ன?

என்சியோ: ஒண்ணுமே இல்ல! அதான் விஷயம். பதினெட்டு நாளா ஒரு மணி அடிக்கல, டிங்குன்னு ஒரு செய்தி வரல. இந்தப் பனியைப் பாரு... ஏரி எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. பால் கிண்ணத்துல மிதக்கற ரெண்டு ஈ மாதிரி நாம...

ரைலி: ஈயா? பத்திரிகைக்காரிகிட்ட அன்னம்னு சொன்ன.

என்சியோ: அது பத்திரிகைக்கு.

ரைலி: அரைப்பக்கத்துக்குப் படம் வேற. ‘இருபத்தோரு நாள், மனிதக் குரலே இல்லாமல்.’ அப்போ நான் யாராம், மரங்கொத்தியா?

என்சியோ: பொண்டாட்டி கணக்குல வராது.

ரைலி: முப்பத்திரண்டு வருஷமா வரல.

என்சியோ: நீதானே கிளப்பிவிட்ட? ‘போனைக் கார்ல பூட்டிட்டுத் தீவுக்குப் போறியாக்கும்... மூணு நாள் தாங்க மாட்ட’ன்னு. தாங்கிட்டேனா இல்லையா?

ரைலி: அப்போ நம்ம வென்லாவுக்குப் பிரசவத் தேதி மாசக் கடைசின்னு சொல்லியிருந்தாங்க. கிளம்பற அன்னிக்குத்தான், முன்னாடியே ஆனாலும் ஆகும்னு...

என்சியோ: ...

ரைலி: என்ன, நிஜமாவே மௌனம் வந்துடுச்சா?

என்சியோ: வலை இங்கதான் எங்கேயோ போட்டேன்.

ரைலி: ஒரே பொண்ணு. ஹெல்சிங்கியில தனியாக் கெடக்கா.

என்சியோ: தனியா என்ன? புருஷன் இருக்கான்.

ரைலி: அவனுக்கு முட்டை வேக வைக்கத் தெரியாது.

என்சியோ: முதல் பிரசவம் தள்ளித்தான் போகும்... சரி, உனக்குப் போகணும்னா சொல்லு. இப்பவே படகைத் திருப்பறேன். ஆனா நீ சொல்லித்தான் கிளம்பினோம்னு இருக்கணும்.

ரைலி: நானா? மாட்டேன்ப்பா. அப்புறம் ரைலியாலதான் கெட்டுதுன்னு ஊரெல்லாம் பேசுவ. வேணும்னா நீ சொல்லு.

என்சியோ: நான் எப்படிச் சொல்றது? செப்டம்பர்ல நூலகத்துல மௌனத்தைப் பத்திப் பேசறேன். சுவரொட்டிகூட அடிச்சாச்சு.

ரைலி: அப்போ மிதப்போம்.

என்சியோ: மிதப்போம்... என்ன, அழறியா?

ரைலி: பனி. இமையில ஒட்டுது.

என்சியோ: கேட்டியா அதை? அந்த நீர்ப்பறவை... யாரோ தூக்கத்துல சிரிக்கற மாதிரி.

ரைலி: எனக்குக் குழந்தை அழற மாதிரி கேக்குது.

என்சியோ: எனக்கும்... இல்ல, எனக்குப் பறவைதான்.

ரைலி: இடது துடுப்பை இழு.

என்சியோ: எதுக்கு? நேராத்தானே போறேன்.

ரைலி: போற பக்கம் முதுகைக் காட்டி உக்காந்திருக்கறவன் நீ. முன்னாடி பார்க்கறவ நான். இழுன்னா இழு.

என்சியோ: இந்தப் பனியில உனக்கு மட்டும் என்ன தெரியுது?

ரைலி: ஒண்ணும் தெரியல. ஆனா இப்படியே போனா படகுத்துறையில முட்டுவோம்.

என்சியோ: எந்தப் படகுத்துறை?

ரைலி: எதிர்க்கரைக்காரர் துறை.

என்சியோ: எதிர்க்கரையில யாரும் இல்ல.

ரைலி: பதினாலு வருஷமா ஒரு மனுஷன் குடியிருக்கார், என்சியோ.

என்சியோ: இருக்கட்டும். கோடை வீட்டுக்கு வந்தா எதிர்க்கரையைப் பார்க்கக் கூடாது, கையாட்டக் கூடாது. அந்த ஆளும் நம்மளைப் பார்க்க மாட்டார். அதான் நாகரிகம். சவுனா நீராவி அறையில இருந்து அம்மணமா ஓடி வந்து ஏரியில குதிச்சாக்கூட, மீன் துள்ளுதுன்னு நெனச்சுக்கணும்.

ரைலி: பெரிய மீன்.

என்சியோ: உனக்கு எப்படித் தெரியும்?

ரைலி: சத்தத்தை வச்சுச் சொன்னேன். நீ இடது பக்கம் இழுக்கறியா இல்லையா?

என்சியோ: இழுத்துட்டுத்தானே இருக்கேன்! கை என்னமோ தானா இந்தப் பக்கமே போகுது...

ரைலி: போகும், போகும். தினம் காலையில வலை பார்க்கப் போற கையாச்சே. பதினெட்டு நாள்ல ஒரு மீனாவது கொண்டு வந்திருக்கியா?

என்சியோ: மீனா முக்கியம்? தியானம். நீ மட்டும் என்ன? மத்தியானம் நீந்தப் போனா ஒன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது தலைமுடி காஞ்சிருக்கு.

ரைலி: காத்து.

என்சியோ: வாயில ஏலக்காய் ரொட்டி வாசனை.

ரைலி: காட்டுப் பழம் தின்னேன்.

என்சியோ: ஏரி நடுவுலயா?

ரைலி: நிறுத்து! முட்டப் போற... நிறுத்துன்னா...

என்சியோ: ஐயோ, முழங்கை! என்ன இது, பலகையா?

ரைலி: சொன்னேன்ல, துறைன்னு? தள்ளு, தள்ளு. அவர் எழுந்து வர்றதுக்குள்ள போயிடுவோம்.

என்சியோ: நாய் வருது.

ரைலி: ஹில்லா, போ! குரைக்காதே!

என்சியோ: ஹில்லா, சமர்த்தா உக்காரு!

ரைலி: நாய் பேரு உனக்கு எப்படித் தெரியும்?

என்சியோ: உனக்கு எப்படித் தெரியும்?

ஒஸ்மோ: யாரு, என்சியோவா? இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க. காபி இன்னும் கொதிக்கல... அடடே, ரைலியுமா! நீங்க மத்தியானம்தானே வருவீங்க? துண்டு இன்னும் காயலையே.

ரைலி: ஒஸ்மோ, தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க.

என்சியோ: நமக்குள்ள பேசினது நமக்குள்ளயே இருக்கட்டும், ஒஸ்மோ.

ரைலி: என்ன பேசினீங்க?

என்சியோ: ஒண்ணுமில்ல. ஒரு போன். ஒரே ஒரு தடவை.

ஒஸ்மோ: ஒரு நாளைக்கு.

ரைலி: அடப்பாவி! விரதம்னு சொன்ன?

என்சியோ: விரதத்துக்கு என்ன குறைச்சல்? என் போனை நான் தொடவே இல்ல. அது கார்லதான் பூட்டிக் கெடக்கு. இது இவர் போன்.

ரைலி: யாருக்குப் பேசின?

என்சியோ: நீ யாருக்குப் பேசின?

ரைலி: நான் முதல்ல கேட்டேன்.

என்சியோ: நீயே முதல்ல சொல்லு.

ஒஸ்மோ: போதும்! மனுஷக் குரல் காதுல விழக் கூடாதுன்னு இந்தக் கரைக்கு வந்து உக்காந்தவன் நான். பதினாலு வருஷமா நிம்மதியா இருந்தேன், இந்தப் பதினெட்டு நாள்ல எல்லாம் போச்சு. புதன்கிழமை காலையில இதோ இந்தப் படியில உக்காந்து, பேத்தி பொறந்துட்டா, ரைலிகிட்ட சொல்லிடாதீங்க, அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு இவர் அழுதார். மத்தியானம் என் துண்டைப் போத்திக்கிட்டு அதே படியில நீங்க அழுதீங்க, ரைலி. பேத்தி பொறந்துட்டா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க, பாவம், அவர் விரதம் கெட்டுடும்னு. நாலு நாளா அந்தப் பொண்ணு, ‘அப்பாவும் அம்மாவும் எப்போ கிளம்பறாங்க’ன்னு என்னைக் கேக்குது, ஏதோ நான்தான் பெத்தவன் மாதிரி. கார் இங்கிருந்து அரை கிலோமீட்டர், ஹெல்சிங்கி நாலரை மணி நேரம். கிளம்புங்க ரெண்டு பேரும்... படகை நான் கட்டிக்கறேன்.