கள்ளுப் பீப்பாய் கழுவிய தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், தேயிலைத் தோட்டத்திலிருந்து தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கஞ்சித் தூக்குச்சட்டி வைத்திருந்த இளையவள் சொன்னாள்:

"கள்ளுப் பீப்பா கழுவுன தண்ணிதான்க்கா என் வீட்டுக்காரரக் குடியிலேர்ந்து காப்பாத்துச்சு."

"என்னடி பேசுற?"

"கள்ளுக்கடைக்காரன் ஆத்துல ஊத்துற தண்ணிதான்லா. அதை ஜாடியில ஊத்தி, வாயத் துணியால கட்டி வச்சா, ரெண்டு மாசத்துல புளிச்சு நல்ல காடியாயிரும். திரிங்காப் ஊருல இருக்கிற சீனன் ஊறுகா போட வாங்கிக்கிட்டான். இவரே வாளியில தூக்கிட்டு வருவாரு. காலையில எந்திரிச்சதும் ஜாடி மேல ஆடை படிஞ்சிருக்கானு போய்ப் பார்ப்பாரு. எட்டு மாசம் ஒரு சொட்டு குடிக்கலக்கா."

"அப்புறம்?"

"நாங்க திருட்டுத்தனமா சம்சு சாராயம் காய்ச்சுறோம்னு எவனோ தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிட்டான். நாக்குல வச்சுப் பாருங்கய்யானு இவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. கேக்கல. அத்தனை ஜாடியையும் எங்க லயத்து வீட்டு வாசல்லயே போட்டு உடைச்சாங்க. அன்னிக்கு சாயங்காலமே இவரு கள்ளுக்கடைக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் நிறுத்தவேயில்ல."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இறங்க வேண்டிய ஆஸ்பத்திரியின் கூரை தெரியத் தொடங்கியிருந்தது.

"இவருக்கு ஈரல் போயிருச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா."

"பேசுறாரா?"

"நேத்து கொஞ்ச நேரம் கண்ணு முழிச்சாரு. ஜாடிக்கெல்லாம் துணி கட்டிட்டியானு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"கட்டிட்டேன்னு சொன்னேன்."