இருபத்தேழு என்ற மதிப்பெண்

இந்த நாற்காலிக்கு முதுகு இருக்கிறது. பதினேழு வருடம் முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து நுண்ணோக்கிக்குள் குனிந்து கிடந்தவனுக்கு இதுவே சொகுசு. எழுதிக்கொள்கிறவர் அவசரப்பட வேண்டாம். மெதுவாகவே சொல்கிறேன்.

என் வேலை எண்ணுவது. சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி வந்தால் அறுத்து எடுப்பார்கள். அதிலிருந்து முடியைவிட மெல்லிய சீவல் ஒன்று கண்ணாடித் தகட்டில் ஒட்டி என் மேசைக்கு வரும். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அதில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அவை நிறைய இருந்தால் நல்லதுதானே என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த நோயில் பல சமயம் தலைகீழ். போலீஸ் குவிந்து நிற்கிற தெருவில்தானே கலவரம் நடக்கும்? உங்களைச் சொல்லவில்லை.

அந்தப் புள்ளிகளை வைத்து ஒரு மதிப்பெண் முறை உருவாக்கினேன். நாற்பதுக்கு மேல் என்றால் நோய் திரும்பலாம். ஒரு வருடம் மருந்து ஏற்ற வேண்டும். கீழே என்றால் அவ்வப்போது ஸ்கேன் போதும். மருந்து லேசுப்பட்டதல்ல. குடல், நுரையீரல், தைராய்டு என்று எதையும் பதம் பார்த்துவிடும். தேவையில்லாதவர்களை அதிலிருந்து காப்பாற்றுவதுதான் என் நோக்கம். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய நோயாளிகள் இருநூறு பேரின் தகடுகளில் முறையைச் சோதித்தோம். யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று தெரியாமல் எண்ண வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரிந்திருந்தது. பதினொரு பேர் நாற்பதுக்குக் கீழே வாங்கியும் செத்துப்போயிருந்தார்கள். பதினொன்றிலும் கட்டி பெரிது. புள்ளிகள் நடுவில் இல்லாமல் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. தகட்டைச் சற்று நகர்த்தினேன். எண் ஏறியது. மற்ற எல்லோருக்கும் நடுவில் எண்ணினேன். அந்தப் பதினொரு பேருக்கு மட்டும் ஓரத்தில். பொய் என்று சொல்ல முடியாது. புள்ளிகள் நிஜமாகவே அங்கே இருந்தன. ஒரு தவறும் விடாத முறை என்று துறைத் தலைவர் தோளைத் தட்டினார். நான்கு மருத்துவமனைகள் முறையை எடுத்துக்கொண்டன. எல்லாத் தகடுகளும் என்னிடமே வந்தன.

இரண்டு வருடம் கழித்து என் தங்கை கணவருக்கு இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். மாப்பிள்ளை பள்ளிப் பேருந்து ஓட்டுநர். “ஒண்ணு போனா என்ன மச்சான், ஸ்டெப்னி இருக்கே” என்று தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

அவருடைய தகட்டின் நடுவில் எண்ணினேன். இருபத்தேழு. பெரிய கட்டி. ஓரத்தில் கூட்டம். பதினொரு தடவை பார்த்த அதே படம்.

சிகிச்சை தந்த டாக்டரம்மா என் அறைக்கே வந்தார். “சார், கட்டி சைஸ் பார்த்தா பயமா இருக்கு. ஸ்கோர் கம்மியா இருந்தாலும் மருந்து ஆரம்பிச்சிடலாமா? உங்க வீட்டு ஆளு, நீங்களே சொல்லுங்க.”

“ஸ்கோரை நம்பலைன்னா அதை எதுக்குங்க வச்சிருக்கோம்?” என்றேன்.

என் வீட்டு ஆளுக்கே நான் விலக்குக் கேட்டால், ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள்; அந்தப் பதினொன்றும் வெளியே வந்துவிடும்.

அச்சடித்த அறிக்கையைத் தங்கை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “நீ பார்த்ததுதானே அண்ணா? அப்ப எனக்குப் பயமில்ல” என்றாள். அன்று அவள் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

பத்தாம் மாதம் நுரையீரல். அப்புறம் எலும்பு. ஸ்டீயரிங்கைச் சுழற்றிய கையால் தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் மாப்பிள்ளை கண்ணைத் திறந்து, “மச்சான், உங்க பரீட்சையில நான் பாஸ்தானே ஆனேன்?” என்று கேட்டார். நான் தலையணையைச் சரிசெய்தேன்.

அவர் இறந்த மறுவாரம் கணினியில் இருபத்தேழை அறுபத்து நான்காக மாற்றினேன். ஓரத்தில் எண்ணினால் அதுதான் வந்தது. மருத்துவமனை விசாரித்தபோது, அறுபத்து நான்கு என்றுதான் டாக்டரம்மாவிடம் சொன்னேன், அவர்தான் மருந்து தரவில்லை என்றேன். அச்சடித்த அறிக்கை அவரிடம் இல்லை; கணினியில் இருந்தது அறுபத்து நான்குதான். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தங்கை அவரை வாய்விட்டுச் சபித்தாள். அவளை நான்தான் தேற்றினேன்.

பிறகு ஒருநாள் பழைய கைப்பையை உதறும்போது அந்த அறிக்கை அவள் மடியில் விழுந்திருக்கிறது. இருபத்தேழு. எனக்குப் போன் செய்யவில்லை. நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். கெட்டிக்காரி.

ஆம், தெரிந்தேதான் செய்தேன். மருந்து ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பைப் பறித்தது நான். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

நாற்பதுக்குக் கீழே வாங்கி, மருந்தில்லாமல் வீட்டுக்குப் போன மற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். அதை என் தலையில் கட்டாதீர்கள். மாப்பிள்ளை எனக்கு வேண்டியவர், அதனால் ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது; எண்ணிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.