ஒரு வீட்டுக்கு மூணு பால் சட்டி

ஒரே வீட்ட மூணு பேருக்கு வாக்குக் குடுத்துட்டேன் சார். அதான் நடந்த தப்பு. மூணு பேரும் ஒரே நாள்ல, ஒரே முகூர்த்தத்துல, ஆளுக்கொரு பால் சட்டியோட வாசல்ல வந்து நின்னாங்க.

சொல்லிட்டேன். முடிஞ்சுது. நான் அதிகம் பேசுற ஆள் இல்ல.

உக்காருங்க, எங்க எழுந்திரிக்கிறீங்க? உங்க டோக்கன் என்ன, நாப்பத்தொண்ணா? இப்பதான் இருவத்தெட்டு ஓடுது. சர்வர் வேற நின்னுபோச்சாம். இந்தப் பத்திர ஆபீஸ்ல வீட்டக்கூட வாங்கிடலாம், பெஞ்சுல எடம் வாங்க முடியாது. எழுந்தா போச்சு.

அந்தக் கவர்ல என்ன, மூலப் பத்திரமா? விக்கிறீங்களா, வாங்குறீங்களா? ...சரி, சொல்லவேணாம். ரெண்டு பேருக்கும் யோசனை ஒண்ணுதான். 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. அதச் சொல்லப் பழகிட்டு வீட்டு வியாபாரத்துல எறங்குங்க. எனக்கு அது வரல. அறுவத்தொம்பது வயசு. இன்னும் வரல.

மேட்டுத்தெருவுல நம்ம வீடு. மாயவரம் மாவட்டம் ஆனதுலேருந்து வீட்டுக்கு அடிதடி சார். எங்க சந்துல ஒரு தகரக் கொட்டாய். கோழி அடைச்சிருந்தாங்க. அதுக்கு நாலு பேரு போட்டி. இப்ப கோழிய எறக்கிட்டு ஒரு வக்கீல் ஆபீஸ் வெச்சிருக்காரு. வாசன இன்னும் போகல. கட்சிக்காரங்க போறாங்க, வராங்க.

எனக்கு விக்கணும்னு ஆசையா? சாவித்திரிக்கு முட்டி போச்சு. சாவித்திரி எம் பொண்டாட்டி. அதோ, அந்தத் தூண் பக்கத்துல உக்காந்திருக்கா. நம்ம வீட்டுல சமையல்கட்டு கீழ, படுக்கை மேல. படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவ என்னைத் திட்டுவா. பதினேழு படி. திருக்காட்டுப்பள்ளியில அவ தங்கச்சி பக்கத்துல ஒரு சின்ன வீடு பாத்து வெச்சிருக்கோம். படியே கெடையாது. இத வித்தாத்தான் அது.

மொதல்ல வந்தது பூவிழின்னு ஒரு பொண்ணு. மாட்டு டாக்டர். திருப்பனந்தாள் பக்கம் கவர்மெண்ட் கால்நடை ஆஸ்பத்திரி. அம்மாவும் அவளுந்தான். வீட்டச் சுத்திப் பாத்துது. கெணத்த எட்டிப் பாத்துது. பிடிச்சிருக்குன்னுது. வெலை சொன்னேன். சரின்னுது. அப்புறம் உக்காந்து, 'பதினோரு வீடு பாத்தாச்சு சார்'னுது.

ஏம்மான்னேன்.

'எல்லா வீட்டுலயும் காபி குடுப்பாங்க. சொந்த ஊர் எதுன்னு கேப்பாங்க. சொல்லுவேன். ஊர்ல எந்தத் தெருன்னு கேப்பாங்க. அதையும் சொல்லுவேன். வீடு நேத்துதாம்மா முடிஞ்சுதுன்னுடுவாங்க. நீங்களும் கேட்டுடுங்க சார், காபி ஆறுறதுக்குள்ள'ன்னுது.

எனக்குச் சுருக்குன்னுது. ஏன்னா, கேக்கத்தான் வாயத் தொறந்திருந்தேன். பொய் சொல்லமாட்டேன். தொறந்த வாய மூடிட்டேன். அப்புறம், 'நல்ல நாள் பாத்து வந்து பாலக் காய்ச்சும்மா. பத்திரம் அப்புறம் போட்டுக்கலாம்'னேன். அந்தப் பொண்ணு காபிய ஒரே மடக்குல குடிச்சிட்டு எழுந்திரிச்சுது. கண்ணக் காட்டல.

மொத வாக்கு. அதோட நிறுத்தியிருக்கணும்.

...இருவத்தொம்போதா? உங்களுது இல்ல. உக்காருங்க.

அன்னைக்கே மாப்ள ஃபோன். சூர்யபிரகாஷ். சிங்கப்பூர்ல இருக்காரு. வீடு விக்கிறது எப்படின்னு வீடியோ பாத்துட்டே இருப்பாரு. அவருக்கு அங்க சொந்தமா ஒரு ஜன்னல்கூடக் கெடையாது. 'மாமா, மொதல்ல வந்தவங்களுக்கே குடுக்கறது தப்பு மாமா. மார்க்கெட் சூடா இருக்கு. போட்டி வெக்கணும். ஞாயித்துக்கெழம எல்லாரையும் ஒரே நேரத்துல வரச் சொல்லுங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்தாத்தான் வெறி வரும். அப்புறம், வீட்டுல காபி வாசன வரணும். வாசனையிலதான் வாங்குறவங்க மயங்குவாங்க.'

சரின்னேன். ஃபோன வெக்கணுமே. அதுக்காகச் சரின்னேன்.

ஞாயித்துக்கெழம சாவித்திரி காலையிலேருந்து காபிக்கொட்ட வறுக்குறா. தெரு முழுக்க வாசன. வந்தவங்க மயங்கல சார். காபி கேட்டாங்க. இருவத்தாறு டம்ளர். வீடு பாக்க வந்தது ஒம்போது பேரு. மிச்சம் தெருவுல போனவங்க.

அதுல குணசேகரன்னு ஒருத்தரு. ரைஸ் மில் வெச்சிருக்காரு. நெல்லு மூட்டையில குத்தி மாதிரி எடுப்பாங்களே குத்தூசி, அதச் சட்டப்பையிலேருந்து எடுத்து செவுத்துல ஒரு குத்து. உள்ள என்ன வருதுன்னு உள்ளங்கையில கொட்டிப் பாத்தாரு. மணல்தான் வரும். வேற என்ன வரும், பொன்னியா? மோந்து வேற பாத்தாரு. 'ஈரப்பதம் பரவால்ல, எடுத்துக்கறேன்'னாரு. நான் சொன்ன வெலைக்கு மேலயே போட்டுத் தரேன்னாரு.

இன்னொருத்தரு நெடுமாறன். காலேஜ் வாத்தியாரு. அவரு சம்சாரம் வானதி டேப் எடுத்து ஃப்ரிட்ஜ் எங்க நிக்கும்னு அளக்குறாங்க. எங்க பூஜ ரூம்புல நிக்குமாம். இவரு என் கையில ஒரு கடுதாசி குடுத்தாரு. எனக்கு எழுதினது. நாலு பக்கம். 'இந்த வீட்டு முருங்கை மரத்தைக் காணும்போதெல்லாம் என் இளமைக்காலம் கண்முன் விரிகிறது'ன்னு ஆரம்பிக்குது. மரம் நான் போன வருஷம் வெச்சது. அவரு பாத்தது அன்னைக்குத்தான், ஒரே தடவ.

இதுல சிரிக்க என்ன இருக்கு சார்? நாலு பக்கத்தையும் என்னை நிக்க வெச்சு அவரே படிச்சுக் காட்டினாரு.

அவங்கள எப்படி வெளிய அனுப்புறது? குணசேகரன் ஒரு மணி நேரம் நகரல. இவரு ஒன்றர மணி நேரம். எனக்குப் பொறும கெடையாது. நாம கடைக்காரன்கிட்ட அப்புறம் வரேன்னு சொல்லிட்டுப் போறதில்ல? அந்த மாதிரி, குணசேகரன்கிட்ட 'சரி சரி, நல்ல நாள் பாத்து வந்து பாலக் காய்ச்சுங்க'ன்னேன். போயிட்டாரு. அட, நல்லா வேல செய்யுதேன்னு இவருகிட்டயும் சொன்னேன். இவரும் போயிட்டாரு.

தரகர் மீரா சாகிப் பக்கத்துலயே நின்னாரு. நல்ல மனுஷன். 'அண்ணே, பாலக் காய்ச்சச் சொல்லிட்டா அது பேச்சு இல்லண்ணே. வீட்டக் குடுத்தாச்சுன்னு அர்த்தம். அந்த டாக்டர் பொண்ணுக்கு என்ன சொல்லுவீங்க?'ன்னாரு. உங்க கமிஷன நீங்க பாருங்கன்னேன். 'இதுல எனக்குக் கமிஷனே வேணாம்ணே'ன்னு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு.

நான் என்ன நெனச்சேன்? ஆளாளுக்கு ஒரு நாள் வருவாங்க. மொதல்ல பூவிழி வந்துடும். மத்தவங்க வந்தா கதவுல வேற பூட்டு தொங்கும். அவங்களே புரிஞ்சுப்பாங்க. நான் வாயே தொறக்கவேணாம். இதான் என் திட்டம்.

ஆவணி மாசம் சார் அது. கடைசி முகூர்த்தம் ஒண்ணுதான் பாக்கி. அத உட்டா புரட்டாசி. புரட்டாசியில எவன் பால் காய்ச்சுவான்? மூணு பேரும் அதே காலண்டர்தான் பாத்திருக்காங்க. ஒம்போதுலேருந்து பத்தரை.

மூணு வண்டி வந்துது. மூணு சட்டி. யாரு பால் மொதல்ல பொங்குதோ அவங்களுக்கு வீடுன்னு பேச்சாச்சு. எங்க அடுப்புல பர்னர் ரெண்டு. நெடுமாறன் கரண்ட் அடுப்பு கொண்டாந்திருந்தாரு. கரண்ட் இல்ல. குணசேகரன் கொண்டாந்தது அகலமான அலுமினியச் சட்டி, சீக்கிரம் பொங்கிடும். வானதி அத டேப் வெச்சு அளந்துட்டு, இது ஆட்டத்துல சேத்தி இல்லைன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. பூவிழி அம்மா ஒரு சட்டியும் எவர்சில்வர் தூக்குல கறந்த பாலுமா வாசக்கேட் ஓரமா நின்னாங்க. அவங்களுக்கு உள்ள வரவே வழி இல்ல.

சாவித்திரி எல்லார் முன்னாடியும் கேட்டா. 'ஏங்க, மொதல்ல யாருக்குச் சொன்னீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க.'

ஒரு பேரு சார். மூணு எழுத்து. பூவிழி என்னையே பாத்துது. நான் முருங்க மரத்தப் பாத்தேன்.

...தண்ணி இருக்கா? குடுங்க. தொண்ட கட்டுது. பேசிப் பழக்கம் இல்ல.

அப்பத்தான் அய்யரு சத்தம் போட்டாரு, 'சண்டைய அப்புறம் போடுங்கோ, மாடு உள்ள போகாம அடுப்பு பத்தவெக்கப்படாது'ன்னு. அய்யரு குணசேகரன் கூட வந்தவரு. மாடு எங்கன்னாங்க. இளையபெருமாள்னு ஒருத்தரு பிடிச்சிட்டு வந்தாரு. மாயவரத்துல புதுமனைக்கெல்லாம் அவரு மாடுதான். படியேறும். டைல்ஸ்ல வழுக்காது. ஒரு தடவ லிஃப்ட்ல நாலாவது மாடி போயிருக்கு. திரும்பி எறங்க மாட்டேன்னு நின்னுது, அது வேற கத.

மூணு பேரும் தனித்தனியா அவருக்கு ஃபோன் பண்ணி அட்வான்ஸ் அனுப்பியிருக்காங்க. 'ஒரே மாட்ட மூணு பேருக்கு எப்படிய்யா ஒத்துக்கிட்ட?'ன்னு குணசேகரன் கத்துறாரு. 'ஒரே வீட்டு அட்ரஸ் சொன்னீங்க, ஒரே டைம் சொன்னீங்க. ஒரே குடும்பம், மறந்து மறந்து பண்றாங்கன்னு நெனச்சேங்க'ன்னு இளையபெருமாள் சொல்றாரு. சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். எனக்குச் சொல்ல அந்தச் சாக்குகூட இல்ல.

சரி, மாட்ட யாரு பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறாங்களோ அவங்களுக்கு வீடுன்னு குணசேகரன் சொன்னாரு. அவருக்கு ஆள் பலம் இருக்கு, மூட்ட தூக்குறவங்க. கயித்தப் பிடிச்சு நாலு பேரு இழுக்குறாங்க. மாடு வாசப்படியில நாலு காலையும் ஊணி நின்னுது. அசையல. நெடுமாறன் வாழப்பழம் காட்டினாரு. பழத்தத் தின்னுது. தோலையும் தின்னுது. கடுதாசியையும் எடுத்து நீட்டியிருப்பாரு, அது என்கிட்ட இருந்துது. மாடு அசையல.

பூவிழி வாசக்கேட் ஓரத்துலேருந்து சொல்லிச்சு. கத்தல. 'இது பன்னெண்டாவது சார். பரவால்ல. நாங்க வரோம்.' அம்மா கையிலேருந்து தூக்க வாங்கிட்டு, திரும்பி நடந்துது.

மாடு திரும்பிச்சு சார்.

நாலு பேரையும் கயித்தோட இழுத்துக்கிட்டு அந்தப் பொண்ணு பின்னாலயே தெருவுல போகுது. போன தையில அந்த மாட்டுக்குப் பிரசவம். கன்னு கால் மடிஞ்சு சிக்கிக்கிச்சு. இந்தப் பொண்ணு தோள்பட்ட வரைக்கும் கைய உட்டுத் திருப்பி, ரெண்டு உசுரையும் எடுத்துக் குடுத்திருக்கு. மாட்டுக்கு அது ஞாபகம். அந்தப் பொண்ணு பையில எப்பவும் வெல்லக்கட்டி வெச்சிருக்கும். அதுவும் ஞாபகம்.

மாடு போச்சுன்னா முகூர்த்தம் போச்சு. அய்யரு கடிகாரத்தக் காட்டுறாரு. குணசேகரன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடுறாரு. 'டாக்டர்! டாக்டரம்மா! நில்லுங்க! கொஞ்சம் உள்ள வந்து மாட்ட உட்டுட்டுப் போயிடுங்க!'

அந்தப் பொண்ணு நின்னுது. திரும்பிச்சு. 'உள்ள வந்தேன்னா வெளிய போகமாட்டேன்'னுது.

அப்பத்தான் சார் எனக்கு வாய் வந்துது. கால் மணி நேரம் லேட்டு. 'வாம்மா. ஒனக்குத்தான் மொதல்ல சொன்னேன்'னேன். சத்தமா சொன்னதா நெனச்சேன். காதுல விழலன்னு சாவித்திரி சொல்றா.

மாடுதான் மொதல்ல போகணும், ஆள் முந்தப்படாதுன்னு அய்யரு. ஆனா மாடு பூவிழி பின்னாலதான் வரும். அய்யரு யோசிச்சாரு. 'முதுகு முன்னால போனா ஆள் போனதா கணக்கில்ல'ன்னுட்டாரு. அந்தப் பொண்ணு மாட்டப் பாத்தபடியே பின்பக்கமாவே நடந்து படியேறிச்சு. மாடு வந்துது. நடுக்கூடத்துல நின்னு, எல்லாரையும் ஒரு தடவ பாத்து, சாணி போட்டுது. அய்யரு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. 'இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?'

மாடு மறிச்ச வீடு நமக்கு வேணாம்னு குணசேகரன் சம்சாரம் கார்ல ஏறிட்டாங்க. நெடுமாறன் கிட்ட வந்து, கடுதாசியத் திருப்பித் தர முடியுமான்னாரு. வேற வீட்டுக்குக் குடுக்கணுமாம். அங்கயும் முருங்க மரம் இருக்காம். அவங்க ரெண்டு பேரும் உட்டுட்டுப் போன பால் அன்னைக்கே காபியாப் போச்சு. வறுத்த கொட்ட மிச்சம் இருந்துது.

அதோ பாருங்க, சாவித்திரி பக்கத்துல, நீலப் பொடவ. அதான் பூவிழி. இன்னைக்குப் பத்திரம். சொன்ன வெல, ஒரு பைசா ஏத்தல. மாப்ள பேசுறதில்ல. காதுக்கு நிம்மதியா இருக்கு.

...நாப்பத்தொண்ணா? சர்வர் வந்ததும் கடகடன்னு ஓடுது. ஆமா, உங்களுதுதான். என்ன இவ்ளோ வேகமா எழுந்திரிக்கிறீங்க? ரெண்டு பேருக்குச் சொல்லியிருக்கீங்கன்னா இப்பவே ஒருத்தருக்கு இல்லைன்னு சொல்லிட்டு உள்ள போங்க. எல்லாருக்கும் மாடு வந்து நிக்காது.

நாங்க சாட்சிக்கு ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தோம், மீரா சாகிப், இளையபெருமாள். நியாயமாப் பாத்தா மூணாவதா ஒரு பேரு எழுதணும். பத்திரம் எழுதுறவர்கிட்ட கேட்டேன், மொறைச்சாரு. வெளிய வேப்ப மரத்துல கட்டியிருக்கு பாருங்க, இது முடிஞ்சதும் குத்தாலத்துல ஒரு புதுமனைக்குப் போகணுமாம். போகும்போது கொம்புல இடிச்சுக்காதீங்க.

பேரு மரகதம்.