பம்புக்குப் பூசிய சந்தனம்

கெலமங்கலம் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போனால், ஐயா, நீங்களும் கூட்டம் நிற்கிற கடையில்தான் போய் நிற்பீர்கள். பக்கத்துக் கடையிலும் அதே தக்காளி, அதே விலை. ஆனாலும் கால் அங்கே போகாது. அந்தச் சந்தையில் மூட்டை தூக்கியே வயதானவன் நான். விவரம் தெரிந்த வியாபாரிகள் விடிந்ததும் சொந்தக்காரர்கள் நாலு பேர் கையில் பையைக் கொடுத்துக் கடை முன்னால் நிறுத்துவார்கள். அவர்கள் சும்மா விலை கேட்டுக்கொண்டே நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் நிஜமாக வாங்குகிறவர்கள் வந்துவிடுவார்கள். அதன்பிறகு சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகலாம். சந்தை தானே நடக்கும்.

ஓசூர் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஹைட்ரஜன் நிலையம் திறந்தபோது எனக்கு அங்கே வேலை கிடைத்தது. நல்ல லாரிகள் அவை. புகை வராது, பின்குழாயில் தண்ணீர்தான் சொட்டும். வருகிற லாரிக்குக் குழாய் மாட்டுவதும் பம்பைத் துடைப்பதும் என் வேலை. உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் உட்கார்ந்துகொண்டு சம்பளம் வாங்கியது அங்கேதான்.

லாரிதான் வரவில்லை. ஒரே ஒரு நிலையத்தை நம்பி யாரும் லாரி வாங்கவில்லை. லாரி இல்லாததால் அடுத்த நிலையமும் வரவில்லை. மேனேஜர் கமலக்கண்ணன் தினமும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மானியமெல்லாம் பொங்கலோட சரி, திம்மராயா. அதுக்குள்ள இந்தச் சந்தை தன் கால்ல நிக்கணும். இல்லேன்னா இழுத்து மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

மூடினால் நான் மறுபடி மூட்டைக்குப் போக வேண்டும். முதுகு கேட்காது. அதனால் எனக்குத் தெரிந்த வியாபாரத்தைச் செய்தேன்.

எங்களிடம் ஒழுங்காக வந்த டிரைவர் முத்துக்குமார் ஒருவன்தான். விருதுநகர்க்காரன், சிரித்த முகம். கேஸ் நிரப்பிய பிறகும் லாரியை வாசலிலேயே நிறுத்தி டீ குடிக்கச் சொன்னேன். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

"என்ன அண்ணாச்சி, கோயில் யானை மாதிரி வாசல்ல கட்டிப் போட்டுட்டீய. ஆசீர்வாதமும் பண்ணணுமோ?"

"பண்ணுப்பா. தும்பிக்கை இல்லாட்டி என்ன, ஆரனை அடி."

அடித்தான். போகிற லாரிக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கருப்பசாமி என்கிற கூட்டாளியையும் லாரியோடு அவன் கூட்டிவந்து நிறுத்தினான். லாரி முதலாளிகள் காரை ஓரங்கட்டி விசாரிக்கத் தொடங்கினார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. கேஸ் கசிந்தால் கண்டுபிடிக்கிற சென்சார் ஒன்று பம்பில் உண்டு. துளி கசிந்தாலும் சங்கு ஊதி நிலையத்தையே நிறுத்திவிடும். பெங்களூரிலிருந்து இன்ஜினியர் வந்துதான் மறுபடி ஓட்ட வேண்டும். எங்கள் குழாய் இணைப்பில் கொஞ்சம் கசிவு இருந்தது. மாற்றுச் சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று டெக்னீஷியன் வினோதா சொன்னாள். அதுவரை சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. விசாரிக்க வந்தவர்கள் சத்தம் கேட்டதும் டீயைக்கூட முடிக்காமல் கிளம்பினார்கள்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் பொறுப்பு எனக்கு. கெட்டியாகக் குழைத்தேன். சென்சாரின் முகத்தில் சல்லடை போல மெல்லிய கம்பிவலை இருக்கும். அதன் கண்கள் அத்தனையும் அடைபடும்வரை கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தினேன். மேலே குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் வினோதா துணியோடு வந்தாள்.

"ஏன்ணா, சென்சார் மேல இப்படி அப்பி வெச்சிருக்கீங்க? தொடச்சிடட்டா?"

"பூஜையில வெச்சத யாராச்சும் தொடைப்பாங்களாம்மா? அதுவா உதிரணும்."

அவள் யோசித்தாள். பிறகு சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள். நல்ல பெண்.

அதன்பிறகு சங்கு ஊதவில்லை. நிலையம் நிற்கவில்லை. மானியத்தில் வாங்கிய நாலைந்து லாரிகள் வரிசையில் நின்றன. கமலக்கண்ணன் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். மானியத்தை நம்பாமல், சொந்தப் பணத்தில் லாரி வாங்க ஓசூர், கிருஷ்ணகிரி முதலாளிகள் சம்மதித்தார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம், பந்தல் போட்டுக் கையெழுத்து விழா வைத்தோம். மேளம், கேசரி, பம்புக்குச் சாமந்தி மாலை. எல்லோரும் பார்க்க முத்துக்குமார் புதுச்சட்டையோடு குழாயைப் பிடித்து லாரிக்கு நிரப்பிக்கொண்டு நின்றான்.

ஹைட்ரஜன் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, ஐயா. பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் பார்த்தது மாலையைத்தான். கீழ்ப் பூ சுருங்கியது. அடுத்தது சுருங்கியது. புகை இல்லை, ஒன்றும் இல்லை. முத்துக்குமார் கையை உதறினான். பிறகு குதித்தான். மேளக்காரர்கள் அவன் பக்கம் திரும்பி அடியை வேகமாக்கினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

"ஆடுலே முத்து, நல்லா ஆடு" என்றான் கருப்பசாமி.

நானும் கைதட்டினேன். கேஸை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருந்தது, கை எட்டுகிற தூரம். அழுத்தினால் சங்கு ஊதும். ஊதினால் பந்தலில் ஒருவர் மிஞ்ச மாட்டார். முதலாளிகள் அப்போதுதான் பேனாவை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவன் சட்டை கருகியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. அப்போது அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் அவன் அதிக நாள் இருக்கவில்லை. அவன் மனைவி பவளத்துக்கு நானே கூடவிருந்து எல்லாம் செய்தேன்.

இப்போது நீங்கள் நிலையத்துக்குச் சீல் வைத்திருக்கிறீர்கள். ஹைட்ரஜன் லாரியே ஆபத்து என்று ஊரில் பேசுகிறார்கள். வாங்கிய லாரிகள் வெயிலில் நிற்கின்றன. வினோதாவை வேறு உட்கார வைத்து விசாரிக்கிறீர்கள். அதனால்தான் நானே வந்தேன். லாரியில் குறையில்லை, கேஸில் குறையில்லை, அந்தப் பெண்ணிடமும் குறையில்லை. சென்சாரை அடைத்தது நான். தீ என்று தெரிந்தும் பொத்தானை அழுத்தாமல் இருந்ததும் நான்தான். இதை அப்படியே எழுதிக்கொண்டு நிலையத்தைத் திறந்துவிடுங்கள்.

முத்துக்குமார் இருந்தாலும் இதையேதான் கேட்பான். கடைசி முதலாளி கையெழுத்துப் போட்டு முடிக்கிறவரை அவன் ஆடிக்கொண்டுதான் இருந்தான், ஐயா. அவனுக்கும் இந்தச் சந்தையின் மேல் அவ்வளவு பிரியம்.