பாலத்துல ஏறுறப்ப வர்ற சத்தம்

இல்ல தம்பி, வண்டியால லேட்டாகல. அந்தப் பழிய இது மேல போடக்கூடாது, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்துருச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டப்பதான் எங்க வீட்டம்மாவ, சகாயத்த, உசுரோட கடைசியாப் பாத்தது. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு எறங்குனவ, சன்னல்கிட்ட குனிஞ்சு, மொதல்ல இந்தச் சத்தத்த நல்ல மெக்கானிக்கா பாத்துக் காட்டுங்கன்னா. சொல்லிட்டு உள்ள போனா. நான் வண்டிய ஓரங்கட்டிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

சமீர் தம்பி, பானட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசாதீங்க. நிமிந்து என்னப் பாத்துக் கேளுங்க. என்ன மாதிரி சத்தமா? குக்கர்ல விசில் வர்றதுக்கு முந்தி புஸ்ஸுன்னு சீறும்ல, அப்புடி. நிக்கிற வண்டியில வராது, நீங்க என்ன மிதி மிதிச்சாலும் வராது. நம்ம பக்கம் மேடுன்னு என்ன இருக்கு, ஆத்துப் பாலம் ஒண்ணுதான். அதுல மூணாவது கியர்ல ஏறுறப்ப வரும். அப்பவே இழுவையும் செத்துப்போவும், பின்னாடி கருகருன்னு பொகை. இழுவை கொறையிறது என் கால்லயே தெரியும். ரைஸ் மில்லுல முப்பது வருசம் டீசல் இஞ்சினோட குடும்பம் நடத்துனவன் நான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன்ட்டதான் ரெண்டு வருசமாக் காட்டுனோம். டீசல் பில்டர மாத்துனான், ஏர் பில்டர மாத்துனான், நாசிலக் கழட்டி மாட்டுனான். ஒவ்வொரு தடவையும் இவ, இன்னும் இருக்குங்கம்பா. அவன் என்னப் பாத்து சிரிப்பான். வண்டிய விடுங்க சார், அம்மாவோட காத டாக்டர்ட்ட காட்டுங்கன்னான். காதக் காட்டணுமாம். அதுவும் அவ காத!

வெளியாள விடுங்க, பெத்த புள்ள என்ன பண்ணுனான்? ஆன்டோ ஒரு நாள் ஓட்டிப் பாத்தான், பாட்ட அலற விட்டுக்கிட்டு. ஒண்ணும் கேக்கலையேம்மான்னுட்டான். துக்க வீட்டுலயே சொந்தக்காரங்கள்ட்ட சொல்றான், அம்மா கடைசி வரைக்கும் இல்லாத சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னு. அதுக்கு நாலு பேரு சிரிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை முப்பதாம் நாள் பூசை. அது முடிஞ்ச கையோட வண்டிய காயலாங்கடைக்கு ஏத்தப்போறானாம். ஏத்தட்டும். அதுக்கு முந்தி எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லாட்டி அவ ரெண்டு வருசமா சும்மா சொன்னான்னுல்ல ஆயிரும்.

வாங்க, ஏறுங்க, ஓட்டிப் பாத்துருவோம். பின்னாடி வேணாம், முன்னாடியே உக்காருங்க. அவ உக்கார்ற எடம். பெல்ட்டப் போட்டுக்குங்க.

பாத்தீங்களா, ரோட்டுல பாதிய மறிச்சு நெல்லக் காயப் போட்டுருக்கானுவ. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சா எனக்குக் கைய ஆட்டிக் காமிங்க. பாலம் வருது. இனிமே நான் ரோட்டத்தான் பாக்கணும், உங்க வாயப் பாக்க முடியாது. ஆமா தம்பி, எனக்குக் காது சுத்தமாக் கேக்காது. மில்லு இஞ்சின் தின்னுட்டுத்தான் விட்டுச்சு. அட, கதவ ஏன் புடிக்கிறீங்க? கண்ணு நல்லாத் தெரியும், பயப்படாதீங்க. அந்த குக்கர் கதையெல்லாம் அவ சொன்னது. நான் ஒரு நாளும் அந்தச் சத்தத்தக் கேட்டதில்ல. வந்தா இங்க, எடது முழங்கைக்கு மேல தட்டுவா. நீங்களும் தட்டுங்க. வரலன்னா தட்டாதீங்க. எனக்காகத் தட்டாதீங்க.

மூணாவது போட்டாச்சு. மிதிக்கிறேன். இழுவை போச்சு, கால்ல தெரியுது. இன்னும் மிதிக்கிறேன்...

தட்டுறீங்க.

கால எடுக்குறேன். நிறுத்திட்டீங்க. மறுபடி மிதிக்கிறேன். ம். ம்... போதும் தம்பி. போதும்.

ஓரங்கட்டிட்டேன், இப்ப என்னப் பாத்துச் சொல்லுங்க. டர்போ ஓஸா? கிழிஞ்சு, ஏறுறப்ப காத்து வெளிய சீறுதா? சரி, அத மாத்துறதெல்லாம் அப்புறம். இந்தாங்க போனு, ஆன்டோவுக்குப் போடுங்க. அவன் பேசுறது எனக்குக் கேக்காது, நீங்களே பேசுங்க. வேற எதுவும் சொல்ல வேணாம். சத்தம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.