காலித் தோணிகளும் ஒரு கரிப் பீப்பாயும்

இன்று 1957, மே பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. மணி மாலை ஆறு பத்து. என் எதிரே நாற்பத்து மூன்று பேர். அவர்களில் ஒருவருக்கு வலக்கையில் கட்டு.

அவைக்குத் தலைமை தாங்கும் வாசகசாலைத் தலைவர் முகம்மது இப்ராஹிம் அவர்களே! அலைகடல் அறிந்த ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! வணக்கம். மாலை வேண்டாம், தலைவரே, நேரமில்லை. நாளைக் காலை கீழவாஞ்சூர் மணலில் தோணிக்காரர் ஹமீது நானா மறுபடியும் பீப்பாய்க்குத் தீ வைக்கப் போகிறார். அதைத் தடுக்கவே வந்தேன்.

வியாழக்கிழமை நடந்தது என்ன? மண்ணெண்ணெய் காய்ச்சுகிறேன் என்று நிலக்கரியைப் பீப்பாயில் கொட்டினார். அந்த வேலைக்கு ரசகற்பூரமும் வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம்; துணிப்பெட்டியில் கிடந்த உருண்டைகளை எல்லாம் உள்ளே போட்டார். மூடியை அடித்து இறுக்கித் தீ மூட்டினார். மூடி பறந்தது, பக்கத்தில் நின்று உதவிய மருதையன் கை வெந்தது!

நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் வேற்றுமை எது? ஹைட்ரஜன்! எண்ணெயில் மிகுதி, கரியில் குறைவு. கடும் சூட்டில் கரி துண்டு துண்டாக உடையும். உடைந்த நொடியிலேயே ஹைட்ரஜன் கிடைத்தால் எண்ணெய். கிடைக்காவிட்டால் துண்டுகள் ஒட்டிக்கொண்டு மறுபடியும் கட்டிக்கரி. அந்த ஹைட்ரஜனைக் கொண்டுவருவது யார்? நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வருமா? வராது. தோணிதான் சரக்கைச் சுமக்கும். இங்கே தோணி, டெட்ராலின் என்னும் எண்ணெய். கரியிடம் ஹைட்ரஜனை இறக்கிய பின் மிஞ்சுவதுதான் ரசகற்பூரம். அது காலித் தோணி! மறுபடி ஹைட்ரஜன் ஏற்றாமல் மறுநடை கிடையாது.

"அப்ப நான் போட்டது?" என்கிறார் நானா.

"அத்தனையும் காலித் தோணி, நானா!"

"மூடியத் தடிமனாப் போட்டா?"

"இன்னும் பலமா வெடிக்கும்."

பெண்கள் பக்கத்திலிருந்து மருதையன் மனைவி காசியம்மா எழுகிறார்: "இன்னொரு கட்டுப் போட அவரு கையில எடமில்லீங்க நானா."

சிரிக்காதீர்கள். நானாவும் சிரிக்கவில்லை. "சரி தம்பி, விட்டுடுறேன். சரக்கில்லாத தோணியக் கரைக்கு அனுப்புனேன்னு மட்டும் துறையில சொல்லிடாதீங்க!"

ஒலிபெருக்கியில் சொல்லியாகிவிட்டது, நானா.

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி. எல்லாக் கைகளும் நலமாக இருக்கட்டும். இனி நான் செய்யப்போவது:

1. மேடையை விட்டு இறங்கியதும் உளியோடு கீழவாஞ்சூர் போய், பீப்பாயின் அடியை வெட்டி எடுப்பேன்.

2. நாளைக் காலை, தீ மூட்டவிருந்த அதே நேரத்தில், மருதையனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். நானாவும் வருவார்.

3. அடியில்லாப் பீப்பாயைக் காசியம்மாவிடம் கொடுப்பேன். மேலே பலகை போட்டுக் கோழி அடைக்கட்டும்.