ஆறு கடைக்கு ஒரே கூரை

பொன்னழகு: …அதான் பாய் கேக்குறேன். ரசீதுல ஒரே ஒரு வரி மாத்தணும்.

சுக்கூர்: ஆயிரத்து இருநூறு ரூவா குடுத்த. ஆயிரத்து இருநூறுக்கு ரசீது குடுத்தேன். இதுல மாத்த என்ன இருக்கு?

பொன்னழகு: "கூரை பழுது பார்த்த வகைக்கு"ன்னு எழுதியிருக்கீங்க.

சுக்கூர்: ஆமா. ஆறு கடைக்கும் ஒரே கூரை. சொந்தக்காரங்க ஆறு பேரும் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு போட்டோம். வசூல் பண்ணுனது நானு, எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதுனேன். இன்கம்டாக்ஸ் வக்கீல் அப்படித்தான் எழுதச் சொன்னாரு.

பொன்னழகு: எனக்கு மட்டும் "புதுக் கூரை போட்ட வகைக்கு"ன்னு எழுதிக் குடுங்க.

சுக்கூர்: …உக்காரு. டீ சொல்லவா?

பொன்னழகு: டீ வேணாம் பாய்.

சுக்கூர்: எனக்கு வேணும். ஏப்பா, பழுதுன்னு எழுதுனா அம்புட்டும் இந்த வருஷச் செலவு. லாபத்துல கழிச்சுட்டு மிச்சத்துக்கு வரி கட்டுனாப் போதும். புதுசுன்னு எழுதுனா அது செலவு இல்ல, முதலு. ஒத்த ரூவா கழிக்க விட மாட்டாங்க. "பாய், மறக்காம பழுதுன்னு எழுதுங்க"ன்னு நாலு பேரு வாழைத்தாரோட வந்து நின்னாங்க. புதுசுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான்.

பொன்னழகு: கொஞ்சம் நேர்மையா இருக்கலாமேன்னு…

சுக்கூர்: பூட்டு யாவாரத்துலயா?

பொன்னழகு: உங்க தோல் மண்டியில, கட்டுக்கு நடுவுல ஓட்டைத் தோலைச் சொருகுறதை நான் என்னைக்காவது கேட்டேனா?

சுக்கூர்: சரி, சரி… கோவிச்சுக்காத. தெரிஞ்சுக்கலாம்னுதான். ஏன்?

பொன்னழகு: பழைய ஓடெல்லாம் எடுத்தோமா இல்லையா? காரை கொட்டித் தட்டையா மட்டப்பா போட்டோமா இல்லையா? முன்ன மழை பேஞ்சா கடைக்குள்ள குடை புடிச்சு நின்னோம். இப்ப எங்க வீட்டுல மேல ஏறி மொளகா காயப் போடுறாக. ஓட்டு மேல மொளகா காயுமா?

சுக்கூர்: அது வாஸ்தவம். ஆனா ஆபீசர் கேப்பாரே. ஒரே கூரை… அஞ்சு கடைக்குப் பழுது, நடுவுல ஒரு கடைக்கு மட்டும் எப்படிய்யா புதுசுன்னு?

பொன்னழகு: அப்ப பழுதும் வேணாம், புதுசும் வேணாம். நடந்ததை எழுதுங்க. "ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு மட்டப்பா போட்ட வகைக்கு." செலவா முதலான்னு வக்கீலும் ஆபீசரும் மல்லுக்கட்டிக்கிறட்டும்.

சுக்கூர்: இதை யோசிக்க எத்தனை நாளாச்சு?

பொன்னழகு: மூணு.

சுக்கூர்: மூணு நாளு உக்காந்து, வரி கூடக் கட்டுறதுக்கு வழி தேடுன ஆளைத் திண்டுக்கல்லு இன்னும் பாத்ததில்ல.

பொன்னழகு: கழிக்கிறதுக்கு என் கடையில லாபம் எங்க பாய் இருக்கு?

சுக்கூர்: …பொன்னழகு, கடையை விக்கப் போறியா?

பொன்னழகு: யாரு சொன்னா?

சுக்கூர்: யாரு சொல்லணும்? போன வருஷம், அம்பத்தாறுல இருந்து சொத்து வித்த லாபத்துக்கும் வரி வந்திருக்கு. கூரை முதலுன்னு ஆச்சுன்னா, நீ கடை வாங்குன விலையோட இந்த ஆயிரத்து இருநூறும் சேரும். விக்கும்போது லாபம் அந்த அளவுக்குக் குறையும். புதுசுன்னு ஒருத்தன் கேட்டு நின்னா வேற என்ன அர்த்தம்?

பொன்னழகு: …வெளிய விட்டுராதீங்க. தெரிஞ்சா ஆளாளுக்கு விலையைக் குறைச்சுக் கேப்பாங்க.

சுக்கூர்: என் வாயில இருந்து வராது. எதுக்கு விக்கிற?

பொன்னழகு: ஆயக்குடியில ஒரு கொய்யாத்தோப்பு. அச்சாரம் குடுத்துட்டேன். மீதிக்கு இந்தக் கடைதான். அதுல ஐந்நூறு இடிக்குது. திங்கக்கிழமை முழுசாக் கட்டலேன்னா அச்சாரமும் போச்சு, தோப்பும் போச்சு.

சுக்கூர்: ஐந்நூறா…

பொன்னழகு: அதான், வரியிலயாவது மிச்சம் புடிப்போம்னு.

சுக்கூர்: ஆமா ஆமா. வரி குறையுதுன்னா விலையில நீயும் கொஞ்சம் விட்டுக் குடுக்கலாம். யாவாரம் சட்டுன்னு முடியும்.

பொன்னழகு: வாங்குறவரு மேல உங்களுக்கு இம்புட்டு அக்கறையா?

சுக்கூர்: பொதுவாச் சொன்னேன்ப்பா. குடு, வேற ரசீதே எழுதிர்றேன். …"ஓட்டுக் கூரையை முழுதும் எடுத்துவிட்டுப் புதிதாக மட்டப்பா போட்ட வகைக்கு." போதுமா?

பொன்னழகு: "முழுதும்", "புதிதாக"… நான் கேக்காமலே போட்டுட்டீங்க. கையெழுத்து?

சுக்கூர்: இந்தா. தேதியும் போட்டாச்சு. ஆமா… வாங்குறது யாரு?

பொன்னழகு: நத்தத்துப் புளி யாவாரின்னு தரகர் சொல்றாரு. நான் மூஞ்சி பாத்ததில்ல.

சுக்கூர்: நல்ல ஆளுதானா?

பொன்னழகு: ரொம்ப விவரம். பதினாலாயிரம்னு பேசி முடிச்சுட்டு, நேத்து ஐந்நூறு கழிக்கணும்னு சொல்லி விட்டிருக்காரு. கூரை புதுசு இல்லையாம். பழைய உத்தரம் பதினொண்ணை அப்படியே திருப்பிப் போட்டிருக்காம். வெறும் பழுதாம்.

சுக்கூர்: …அப்படியா சொன்னாரு?

பொன்னழகு: பதினொண்ணு பாய். பத்தும் இல்ல, பன்னெண்டும் இல்ல. தார் பூசுனதுக்கு அப்புறம் எது பழசு, எது புதுசுன்னு கண்டுபுடிக்க முடியாது. பூசுறதுக்கு முந்தின நாளு ஏணி வச்சு ஏறி எண்ணுனது ரெண்டு பேரு. ஒண்ணு நானு.

சுக்கூர்: கொத்தனாரு சொல்லியிருப்பாரு…

பொன்னழகு: அவரு பத்துன்னு சொன்னதை நம்பாமத்தானே நீங்களே ஏறி எண்ணுனீங்க.

சுக்கூர்: …அந்த ரசீதைச் செத்தக் குடு. மை காயல போல இருக்கு.

பொன்னழகு: காஞ்சு, மடிக்கும் போயிருச்சு. முழுசா எடுத்துட்டுப் புதுசாப் போட்டதுன்னு உங்க கையெழுத்துலயே இருக்கு. இனி அந்த ஐந்நூறை எந்தக் கணக்குல கழிப்பீங்க? திங்கக்கிழமை பத்திர ஆபீசுக்கு முழுப் பணத்தோட வந்துருங்க பாய். நத்தத்துல போயி புளி யாவாரியைத் தேட வேணாம்… உங்க பேருக்கே எழுதிக்கலாம்.